யாருடைய பதினெட்டு?

2015-ல் வெளியான 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' படத்தைப் பிரான்ஸில் பன்னிரண்டு வயது ஆனவர்கள் பார்க்கலாம் என்றார்கள். பிரிட்டனில் பதினெட்டு என்றார்கள். இந்தியாவில் சான்றிதழே கிடைக்கவில்லை. சென்ற இதழில் வயதுச் சான்றிதழ்களை எதிர்த்து எழுதியவர் இந்தப் படத்தில் தொடங்கி மூன்று முடிவுகளுக்குத் தாவியிருக்கிறார். நாட்டுக்கு நாடு வயது மாறுவதால் இவை எல்லாமே அதிகாரிகளின் மனப்போக்கு. இவற்றுக்குப் பின்னால் அறிவியல் எதுவும் கிடையாது. ஆகவே உலகம் முழுமைக்கும் ஒரே வயதுச் சான்றை வைத்து, அதைத் தொழில்நுட்ப நிறுவனங்களின் கையில் கொடுத்துவிடலாம். குழந்தை எங்கே பிறந்தாலும் குழந்தைதான் என்பது அவருடைய கடைசி வாதம்.

படத்தைப் பற்றி அவர் தந்த தகவல் சரி. அதிலிருந்து எடுத்த முடிவுகளில் ஒன்றுகூடத் தேறாது. இதை வெறும் கருத்து வேறுபாடு என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. அவர் கேட்கும் அந்த ஒற்றைச் சான்று, வீடியோ கேம்களைப் பொறுத்தவரை, நம் பிள்ளைகளின் கைப்பேசிக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. அதைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

முதலில் அவருடைய கணக்கைப் பார்ப்போம். பல நாட்டு எண்களை அடுக்கி வைத்து, பெரிய எண் என்றால் கண்டிப்பு, சிறிய எண் என்றால் தாராளம் என்று படிக்கிறார். அந்த எண் யாரைத் தடுக்கிறது, எப்படித் தடுக்கிறது என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. அமெரிக்காவில் 'ஆர்' சான்று பெற்ற படத்துக்குப் பதினேழு வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோருடனோ பொறுப்பான பெரியவருடனோ போகலாம். பிரிட்டனில் '15' என்றால் பதினான்கு வயதுப் பையனை அவன் அப்பாவே அழைத்து வந்தாலும் உள்ளே விடக் கூடாது. ஜெர்மனியில் '12' போட்ட படத்துக்கு ஆறு வயதுப் பிள்ளை பெற்றோருடன் போகலாம். இந்தியாவில் 'ஏ' என்றால் பதினெட்டுக்குக் கீழே எவருக்கும் இடமில்லை, அம்மா அப்பா கூட வந்தாலும் சரி. 'யு/ஏ' என்றால் வாசலில் யாரும் தடுக்க முடியாது, முடிவு பெற்றோருடையது. ஒன்று சட்டம், ஒன்று அறிவுரை, ஒன்று வணிக சங்கம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதி. இவற்றை ஒரே பட்டியலில் போட்டுக் கூட்டிக் கழித்துப் பார்ப்பவர் எதையும் ஒப்பிடவில்லை.

'தி கிங்ஸ் ஸ்பீச்' படத்தை அவரே எடுத்துக்காட்டுகிறார். திக்குவாய் உள்ள மன்னருக்குப் பேச்சுப் பயிற்சி. அந்தப் பயிற்சியில் கெட்ட வார்த்தைகளைச் சரமாரியாகக் கொட்டும் காட்சி. பிரிட்டனில் முதலில் 15 கொடுத்தார்கள்; மேல்முறையீடு வந்ததும், சிகிச்சைச் சூழலில் வரும் சொற்கள் என்பதை ஏற்று 12ஏ ஆக்கினார்கள். அமெரிக்காவில் 'ஆர்'. கட்டுரையாளர் இதைப் பைத்தியக்காரத்தனம் என்கிறார். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி அப்பாவுடன் இந்தப் படத்துக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12ஏ என்றால் பன்னிரண்டுக்குக் குறைந்தவர்கள் பெரியவருடன் வரலாம். 'ஆர்' என்றாலும் பெற்றோருடன் வரலாம். அவள் லண்டனிலும் பார்ப்பாள், நியூயார்க்கிலும் பார்ப்பாள். வேறுபாடு தனியாக வரும் பதின்மூன்று வயதுக்காரருக்குத்தான். பிரிட்டனில் முதலில் கொடுத்த 15 நின்றிருந்தால், அந்தச் சிறுமிக்கு அமெரிக்காவில் கதவு திறந்தும் லண்டனில் மூடியும் இருந்திருக்கும். சான்றின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு அமெரிக்கா கண்டிப்பு என்று தீர்ப்புச் சொன்னவருக்கு இது எப்படித் தப்பியது?

அறிவியல் இல்லை என்ற வாதத்துக்கு வருகிறேன். பன்னிரண்டா பதினைந்தா என்று துல்லியமாகச் சொல்லும் ஆய்வு எதுவும் இல்லை என்பது உண்மை. அப்படி ஒன்று இருப்பதாக எந்த நாட்டு வாரியமும் சொல்லிக்கொள்வதில்லை. வாக்களிக்கும் வயதுக்கு என்ன அறிவியல் இருக்கிறது? இந்தியாவில் அது 1989 வரை 21. அதன் பிறகு 18. ஆஸ்திரியாவில் 2007 முதல் 16. மது வாங்க டெல்லியில் 25, தமிழ்நாட்டில் 21, புதுச்சேரியில் 18. இவருடைய தர்க்கப்படி இந்த எல்லைகளையும் மனப்போக்கு என்று தூக்கி எறிந்துவிட வேண்டும். ஒரு சமூகம் தன் பிள்ளைகளை எதிலிருந்து எவ்வளவு காலம் தள்ளி வைப்பது என்று பெரியவர்கள் கூடி எடுக்கும் முடிவு இது. அதற்குச் சான்றும் அனுபவமும் விவாதமும் வேண்டும். பிரிட்டனின் வாரியம் 2024-ல் புதிய வழிகாட்டு விதிகளை வெளியிடுவதற்கு முன் 12,000 பேரிடம் கருத்துக் கேட்டது. அதன் பேரில் பாலியல் காட்சிகளில் முன்பைவிடக் கண்டிப்பானது, கஞ்சா காட்சிகளில் சற்று இறங்கியது. அதே ஆண்டு, 1964-ல் வந்த 'மேரி பாப்பின்ஸ்' படத்தை இனத்தை இழிவு செய்யும் ஒரு சொல்லுக்காக, எல்லோருக்குமான 'யு'-விலிருந்து பெற்றோர் வழிகாட்டலைக் கேட்கும் 'பிஜி'க்கு மாற்றியது. அறுபது ஆண்டுகளில் அந்தச் சமூகத்தின் காது மாறிவிட்டது, சான்றும் மாறியது. இதில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

ஸ்வீடன் 1982-ல் 'ஈ.டி.' படத்தைப் பதினோரு வயதுக்குக் குறைந்தவர்கள் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தது. அமெரிக்காவில் அது குடும்பத்தோடு பார்க்கும் படம். கட்டுரையாளர் இதைச் சொல்லிச் சிரிக்கிறார். பெரியவர்கள் குழந்தைகளுக்கு எதிரிகளாகத் துரத்தி வருவதைக் காட்டுவது சிறுபிள்ளைகளை அச்சுறுத்தும் என்பதுதான் அன்றைய காரணம். அந்த முடிவை நான் எடுத்திருக்க மாட்டேன். ஆனால் உடம்பு தெரிவதைவிடப் பயம் குழந்தையை அதிகம் காயப்படுத்தும் என்று ஒரு நாடு நினைத்ததும், அதை வெளிப்படையாக எழுதி வைத்ததும், பிள்ளைகள் உட்பட ஊரே அதை எதிர்த்துச் சண்டை போட முடிந்ததும் சிரிப்பதற்கு உரியவையா?

ஜெர்மனியைப் பற்றி அவர் எழுதியது எல்லாவற்றிலும் மோசம். 2017-ல் வந்த 'வுல்ஃபன்ஸ்டைன் 2' விளையாட்டின் ஜெர்மன் பதிப்பில் ஹிட்லருக்கு மீசை இல்லை, ஸ்வஸ்திகா இல்லை. இதைத் தணிக்கையின் கேலிக்கூத்து என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார். நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது ஜெர்மன் குற்றவியல் சட்டத்தில் குற்றம். கலை, ஆய்வு, கல்விக்கு விலக்கு உண்டு. திரைப்படங்களுக்கு அது கிடைத்தது. கேம்களுக்குக் கிடைக்காமல் போனதற்குக் காரணம் 1998-ல் ஃபிராங்க்ஃபர்ட் நீதிமன்றம் 'வுல்ஃபன்ஸ்டைன் 3டி' வழக்கில் சொன்ன தீர்ப்பு. இருபது ஆண்டுகள் அங்கே விளையாட்டு உருவாக்குபவர்களும் விமர்சகர்களும் இதை எதிர்த்து வாதாடினார்கள். 2018 ஆகஸ்டில் கேம்களுக்கு வயதுச் சான்று தரும் 'யூஎஸ்கே' அமைப்பு, ஒவ்வொரு விளையாட்டையும் தனித்தனியே பார்த்து அந்த விலக்கைத் தருவதாக அறிவித்தது. 1994-ல் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்த 'டூம்' விளையாட்டை 2011-ல் எடுத்தார்கள். தங்கள் தாத்தாக்கள் செய்த கொலைகளோடு ஒரு நாடு நடத்தும் வழக்கு இது. அங்கே ஸ்வஸ்திகாவுக்கு இருக்கும் எடையை அமெரிக்காவிலோ ஜப்பானிலோ உட்கார்ந்து நிறுக்க முடியாது. 2002-ல் எர்ஃபுர்ட் நகரப் பள்ளியில் நடந்த கொலைகளுக்குப் பிறகுதான் கேம்களின் வயதுச் சான்று ஜெர்மனியில் சட்டப்படி கட்டாயமானது என்பதையும் அவர் வசதியாக விட்டுவிட்டார்.

இப்போது அவருடைய தீர்வு. உலகம் முழுமைக்கும் ஒரே சான்று. யாருடைய சான்று? அவர் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் பெரிய கடைகளும் பெரிய ஸ்டுடியோக்களும் எங்கே இருக்கின்றனவோ அங்கிருந்துதான் அது வரும். ஆகவே அமெரிக்க வழக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுவோம். 1968 நவம்பரில் தொடங்கிய அந்த முறைக்குச் சட்டத்தின் பலம் கிடையாது. ஸ்டுடியோக்களின் சங்கம் நடத்துவது. 1984-ல் 'இண்டியானா ஜோன்ஸ்', 'கிரெம்லின்ஸ்' படங்களைப் பார்த்துப் பெற்றோர் கொதித்ததும் 'பிஜி-13' என்ற புது வகுப்பு வந்தது. 1985-க்குப் பிறகு அந்த வகுப்புப் படங்களில் துப்பாக்கி வன்முறை மூன்று மடங்குக்கு மேல் பெருகியது என்று 2013-ல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஒரு குறிப்பிட்ட கெட்ட வார்த்தை ஓரிரு முறைக்கு மேல் வந்தால் 'ஆர்' என்று ஏறிவிடும் படம், நூறு பேரைச் சுட்டுத் தள்ளினாலும் ரத்தம் தெரியாத வரை 'பிஜி-13'-ல் தங்கிவிடும்.

வன்முறைக்குக் காட்டும் இந்தத் தாராளம் கேம்கள் விஷயத்தில் இன்னும் கூர்மையாகத் தெரியும். வன்முறை நிறைந்த கேம்களைப் பதினெட்டுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கத் தடை போட்ட கலிஃபோர்னியா சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011-ல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் செல்லாது என்றது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பிரையர் ஒரு முரணைச் சுட்டினார். நிர்வாணப் படம் உள்ள பத்திரிகையைப் பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கு விற்பதை அரசு தடுக்கலாம்; அதே சிறுவன் ஒரு பெண்ணைக் கட்டிப்போட்டுச் சித்திரவதை செய்து கொல்லும் விளையாட்டை அவனுக்கு விற்பதைத் தடுக்க முடியாது. அமெரிக்கர்கள் தங்கள் அரசியலமைப்பின் வழியே வந்து சேர்ந்த இடம் அது. அது அவர்கள் உரிமை. அதை ஓஸ்லோவுக்கும் ஒசாகாவுக்கும் ஊத்துக்கோட்டைக்கும் பொது விதியாக்க இவருக்கு யார் உரிமை கொடுத்தது?

ஒரே பதிப்பு, ஒரே சான்று என்று போனால் என்ன ஆகும் என்பதற்கு நடந்த உதாரணமே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2013 ஜனவரி வரை கேம்களுக்கு 18 வயது வகுப்பே கிடையாது. மேல் எல்லை 15. அதைத் தாண்டிய விளையாட்டு தடைதான். 2008-ல் 'ஃபால்அவுட் 3'-க்கு, நிஜ மருந்தான மார்ஃபினை உடலில் ஏற்றிக்கொள்ளும் பகுதி இருந்ததால் சான்று மறுத்தார்கள். நிறுவனம் மருந்தின் பெயரை 'மெட்-எக்ஸ்' என்று மாற்றியது. ஆஸ்திரேலியாவுக்கு மட்டுமல்ல, உலகம் முழுவதற்கும். ஒரு நாட்டின் குறைபாடுள்ள விதி ஆஸ்திரேலியாவைப் பார்த்தே இராதவர்களின் விளையாட்டையும் திருத்திவிட்டது. நாடுகளுக்குத் தனித்தனிச் சான்று இருக்கும்போதே இந்த நிலை. ஒற்றைச் சான்று வந்தால் மிகக் கண்டிப்பான சந்தையோ மிகப் பணக்காரச் சந்தையோ எல்லோருக்கும் கத்தரிக்கோல் பிடிக்கும்.

தொழில்நுட்பம் இதைத் தீர்க்கும் என்கிறாரே, தொழில்நுட்பம் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. 2013 முதல் இயங்கும் 'ஐஏஆர்சி' என்ற சர்வதேசக் கூட்டமைப்பில், விளையாட்டை உருவாக்கியவர் ஒரே ஒரு வினாப்பட்டியலை நிரப்புகிறார். ரத்தம் உண்டா, சூதாட்டம் உண்டா, போதைப்பொருள் உண்டா? அந்த ஒரே விடைத்தொகுப்பிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு வயது, ஐரோப்பாவின் 'பெகி' அமைப்புக்கு ஒரு வயது, ஜெர்மனிக்கு ஒன்று, பிரேசிலுக்கு ஒன்று, தென்கொரியாவுக்கு ஒன்று, ஆஸ்திரேலியாவுக்கு ஒன்று என்று கணினி பிரித்துத் தருகிறது. கேள்விகளை ஒன்றாக்கலாம், விடையை எடை போடும் தராசை ஒன்றாக்க முடியாது என்று அந்தத் துறையில் இருப்பவர்களே ஏற்றுக்கொண்டு கட்டிய அமைப்பு இது. 2015-லிருந்து கூகுள் பிளே இதைத்தான் பயன்படுத்துகிறது. தீர்வு என்று ஒன்றை முன்வைப்பவர், அந்தத் துறையில் பத்து ஆண்டுகளுக்கு மேலாக என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டாவது எழுதியிருக்க வேண்டும்.

'பலாட்ரோ' கதையை அவர் தன் துருப்புச் சீட்டாக இறக்குகிறார். போக்கர் சீட்டுக் கைகளை வைத்து ஆடும் விளையாட்டு. பணம் கட்டும் வேலை கிடையாது. அமெரிக்காவில் பத்து வயதுக்கு மேல் ஆடலாம் என்றார்கள். ஐரோப்பாவின் 'பெகி' 2024-ல் 18 போட்டது. உள்ளே என்ன வரும் என்று தெரியாத வீரர் பொதிகளைக் காசுக்கு விற்கும் கால்பந்து விளையாட்டுக்கோ 3 போட்டது. இது தவறான முடிவுதான், எனக்கும் அதில் சந்தேகமில்லை. அதன் பிறகு நடந்ததை ஏன் விட்டார்? மேல்முறையீடு நடந்தது, 2025 பிப்ரவரியில் அது 12 ஆனது. இதற்கிடையே ஆஸ்திரேலியா 2024 செப்டம்பரிலிருந்து, காசு வாங்கிக்கொண்டு குலுக்கல் பரிசு தரும் கேம்களுக்குப் பதினைந்துக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஏற்றதில்லை என்ற 'எம்' வகுப்பைக் குறைந்தபட்சமாக்கியது. சூதாட்டத்தைப் போலச் செய்து காட்டும் கேம்களுக்கு 18. பெல்ஜியமோ 2018-லேயே காசுக்கு விற்கும் இந்தக் குலுக்கல் பெட்டிகளைச் சட்டவிரோதச் சூதாட்டம் என்றது. ஓர் அமைப்பு தவறியபோது இன்னொன்று வேறு வழியில் போய்க் காட்டியது. அவர் கேட்கும் ஒற்றை உலகில் 'பெகி'யின் அந்தத் தவறு எல்லா நாட்டுக்கும் ஒரே நாளில் விழுந்திருக்கும், ஒப்பிட்டுக் காட்டப் பக்கத்தில் இன்னொரு சான்று இருந்திராது.

இந்தியாவைப் பற்றி அவர் எழுதியதில் பாதி எனக்கும் உடன்பாடு. 'ஸ்பெக்டர்' படத்தில் முத்தத்தின் நீளத்தைப் பாதியாக வெட்டியதும், 'ஓப்பன்ஹைமர்' படத்தில் நடிகையின் மேல் கணினியால் கறுப்பு உடை போர்த்தி யு/ஏ கொடுத்ததும் தலைகுனிய வைப்பவை. ஆனால் அவை வயதுச் சான்றின் குற்றங்கள் இல்லை, கத்தரிப்பின் குற்றங்கள். யார் பார்க்கலாம் என்று சொல்வது ஒரு வேலை. எவரும் பார்க்கக் கூடாது என்று வெட்டி எறிவது வேறு வேலை. திரைப்படச் சான்றிதழ் பற்றி அரசு அமைத்த ஷியாம் பெனகல் குழு 2016-ல் இதைத்தான் சொன்னது: வாரியம் வகைப்படுத்தட்டும், வெட்ட வேண்டாம். இந்த இரண்டையும் குழப்பிவிட்டு, கத்தரிக்கோலின் மேல் வரும் கோபத்தை வயது எண்ணின் மேல் கொட்டுவது நேர்மையான வாதம் ஆகாது.

நம் ஊரில் சான்றிதழைக் கெடுத்தது பணம். ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் கேளிக்கை வரி விலக்குக்குத் தமிழ்ப் பெயரோடு 'யு' சான்றும் வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். 'ஏ' வாங்கிய படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது. அதனால் வெட்டைத் தயாரிப்பாளரே கேட்டு வாங்கிக்கொள்ளும் பழக்கம் வந்தது. 2023-ல் 'ஜெயிலர்' படத்தின் யு/ஏ சான்றை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனவர் அமெரிக்காவையும் பிரிட்டனையும் காட்டினார்; அங்கே பெரியவர்களுக்கு மட்டும் என்றால் இங்கே ஏன் இல்லை என்று கேட்டார். நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் அமெரிக்காவில் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் ஸ்டுடியோக்களின் சங்கத்திடம் சான்றே வாங்காமல் வெளியாகின்றன. 2025-ல் 'கூலி'க்குக் கிடைத்த 'ஏ'யை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் போனபோது, 'கே.ஜி.எஃப்.', 'பீஸ்ட்' படங்களுக்கு யு/ஏ கொடுத்தீர்களே என்றார்கள், அதுவும் நிற்கவில்லை. அடுத்தவருக்குக் கிடைத்தது எனக்கும் வேண்டும் என்ற இந்த வாதமும் கட்டுரையாளரின் வாதமும் ஒரே குறையுடையவை: எதிரே இருக்கும் படத்தையும் அதைப் பார்க்கப் போகும் பிள்ளையையும் விட்டுவிட்டுப் பக்கத்துச் சான்றையே பார்க்கின்றன. 2023-ல் திருத்திய சட்டம் யு/ஏ-வை 7+, 13+, 16+ என்று பிரித்தது நல்ல அடி. ஆனாலும் அந்த வயதுகள் பெற்றோருக்கான அறிவுரை மட்டுமே. இதைப் பற்றிச் சண்டை போட்டிருந்தால் நான் அவரோடு நின்றிருப்பேன்.

கடைசியாக, தொடக்கத்தில் சொன்ன கைப்பேசி. இந்தியாவில் கேம்களுக்கு வயதுச் சான்று தரும் சொந்த அமைப்பு இல்லை. ஐஏஆர்சி-யில் தனி அமைப்பு இல்லாத நாடுகளுக்கு எல்லாம் ஒரு பொதுவான வயது போகிறது: 3+, 7+, 12+, 16+, 18+. கூகுள் பிளேயில் நாம் பார்ப்பது அதுதான். ஆப்பிளின் கடையிலோ அந்த நிறுவனமே வகுத்துக்கொண்ட வயதுகள். கட்டுரையாளர் கனவு காணும் ஒற்றைச் சான்று இதைவிட வேறென்ன? நம் தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்தவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகளைப் படித்தோம். சட்டமன்றம் 2022-ல் சட்டம் இயற்றியது, வழக்குகள் நீதிமன்றப் படி ஏறின, 2025-ல் பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தடை, நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை ஆடத் தடை என்ற விதிகளை உயர் நீதிமன்றம் ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சூதாட்டம் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று இந்த மண்ணுக்குத் தெரிந்ததை, பணம் கட்டாத சூதாட்டச் சாயல் கேம்களுக்கு வயது போடும்போது யார் எடுத்துச் சொல்கிறார்கள்? ஒரு சாதிப் பெயர் வசையாக வரும் விளையாட்டுக்கு எவ்வளவு எடை என்று அந்த வினாப்பட்டியலுக்கு யார் கற்றுக்கொடுப்பார்கள்? பிரேசிலின் நீதி அமைச்சகமும் தென்கொரியாவின் விளையாட்டு வாரியமும் தங்கள் சொந்த விதிகளோடு ஐஏஆர்சி-யின் மேசையில் உட்கார்ந்திருக்கின்றன. நாம் இல்லை.

பெற்றோரே பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறார். எந்தப் பெற்றோர் நாற்பது மணி நேர விளையாட்டை ஆடி முடித்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுக்கிறார்கள்?

அவர் மறுமொழி எழுதுவதாக இருந்தால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தரட்டும். பிரிட்டனில் ஒரு படத்தின் வயதை எதிர்த்து வாரியத்துக்கு எழுதலாம். சென்னையில் உயர் நீதிமன்றப் படியேறலாம். அவருடைய உலகச் சான்று ஒரு விளையாட்டுக்கு 7 என்று தப்பாகப் போட்டுவிட்டால், திருநெல்வேலியில் இருக்கும் ஒரு தாய் எந்த முகவரிக்கு எழுத வேண்டும், எந்தச் சட்டத்தின் கீழ், யார் அவளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்?